செவ்வாயின் ஒலிப்பதிவுகள்: சான்றும் செப்பனிடலும்

ஆய்வுச் சுருக்கம்

வேற்றுக் கோள்களின் ஒலி என்ற பெயரில் பொதுமக்களின் செவிக்கு வந்துள்ளவை யாவும் ஒரே தன்மையன அல்ல. ஒலிவாங்கியில் நேரே பதிந்தவை, பிற கருவிகளின் அளவீடுகளைச் செவிப்புலனுக்கு ஏற்ப மாற்றியவை, ஆய்வகத்தில் மீட்டுருவாக்கப்பட்டவை என அவை தம்முள் வேறுபடுகின்றன. பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2021ஆம் ஆண்டு முதல் செவ்வாயில் பதிவு செய்துவரும் ஒலிகளையும், அவை வெளியிடப்பட்ட முறையையும், அவற்றிலிருந்து பெறப்பட்ட முடிவுகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. செப்பனிடப்பட்ட ஒலியைவிடச் செப்பனிடப்படாத ஒலியே ஆய்வுக்கு அடிப்படை என்னும் கருத்தை 2021ஆம் ஆண்டின் புழுதிச் சுழல் பதிவைக் கொண்டு நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: செவ்வாய், ஒலிப்பதிவு, ஒலியாக்கம், ஒலிவாங்கி, அதிர்வெண், இரைச்சல், பெர்சிவியரன்ஸ்.

முன்னுரை

பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் தரையிறங்கியது. நான்கு நாள்களுக்குப் பின், பிப்ரவரி 22 அன்று, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அங்குப் பதிவான முதல் ஒலியைப் பொதுமக்களுக்கு வழங்கியது. வழங்கப்பட்டது ஒரு பதிவே எனினும் அது இரு வடிவங்களில் வந்தது. ஒன்றில் ஊர்தியின் உட்கருவிகள் எழுப்பும் முனகலும் அதனிடையே சில நொடிகள் வீசிய காற்றும் கேட்டன. மற்றொன்றில் முனகல் வடிகட்டப்பட்டுக் காற்று மட்டும் எஞ்சியது. செய்தி நிறுவனங்கள் பலவும் இரண்டாம் வடிவத்தையே விரும்பி எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. கேட்போர் விரும்பியது செவ்வாயை, ஊர்தியை அன்று.

இவ்விரு வடிவங்களுள் எது செவ்வாயின் ஒலி? முதல் வடிவம் ஒலிவாங்கியில் பதிந்தது பதிந்தவாறே அமைந்தது. இரண்டாவது, பதிந்ததிலிருந்து ஒரு பகுதியைக் கழித்துப் பெற்றது. கழிக்கப்பட்டது எது, எந்த அளவுகோலால் கழிக்கப்பட்டது என்னும் விவரம் இன்றி இரண்டாம் வடிவத்தைச் சான்றாக ஏற்க இயலாது. ஓலைச்சுவடியில் இருந்த பாடத்திற்கும் பதிப்பாசிரியர் திருத்திய பாடத்திற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த தமிழ் ஆய்வுலகிற்கு இவ்வினா புதியதன்று. சுவடியின் பிழையையும் சேர்த்துக் காட்டும் பதிப்பே மறு ஆய்வுக்கு இடம் தரும். கோள்களின் ஒலிப்பதிவுகளையும் அந்த நோக்கில் அணுகுவது பொருத்தமானது.

பெயரும் பொருளும்

தமிழில் ‘ஒலிப்பதிவு’ என்னும் சொல்லில் ‘பதிதல்’ என்னும் வினை உறைந்துள்ளது. மண்ணில் கால் பதிவது போல, ஒலி ஒரு பரப்பில் நேரே தன் தடத்தை விட்டுச் செல்வதையே அச்சொல் குறிக்கிறது. ஆனால் விண்வெளி ஒலிகள் எனப் பரவுவனவற்றுள் பெரும்பாலானவை இப்பொருளில் ஒலிப்பதிவுகள் அல்ல. அவற்றுக்கு மூலமாக அமைவன மின்காந்த அலைகள், அழுத்த அளவீடுகள், நில அதிர்வுகள், ஒளியின் ஏற்ற இறக்கங்கள் முதலியன. எண்களாகக் கிடைத்த அவற்றை மனிதச் செவி உணரும் அதிர்வெண்ணுக்கு மாற்றி ஒலிக்கச் செய்வதை ‘ஒலியாக்கம்’ எனலாம். ‘ஒலிபெயர்ப்பு’ என்னும் அழகிய சொல் இதற்குப் பொருந்தியிருக்கும். ஆயினும் அது எழுத்துவழி மொழிமாற்றத்திற்கு ஏற்கெனவே வழங்கிவருவதால் மயக்கம் தரும்.

ஒலியாக்கம் தவறான செயலன்று. வரைபடத்தில் கண்ணுக்குப் புலப்படாத சீரொழுங்கைச் செவி சில வேளைகளில் உடனே கண்டுகொள்ளும். சிக்கல் பெயரிடுவதில் எழுகிறது. சோகோ விண்கலம் அளந்த சூரியப் பரப்பின் அதிர்வுகள் 40 நாள்களுக்கு உரியவை. அவற்றை 42,000 மடங்கு விரைவுபடுத்தியே சூரியனின் ‘ஒலி’ உருவாக்கப்பட்டது. இவ்வாறான விவரங்கள் உதிர்ந்துபோன நிலையில்தான், சூரியன் ‘ஓம்’ என ஒலிப்பதை நாசா பதிவு செய்துவிட்டது என்னும் காணொளி 2020 சனவரியில் சமூக ஊடகங்களில் பரவியது. ஒலியை விசும்பின் பண்பாகக் கொண்ட பழைய பூதவியல் மரபு நம்மிடையே உண்டு. இயற்பியலோ ஒலிக்கு ஊடகம் வேண்டும் என்கிறது. இவ்விரண்டையும் வேறுவேறு அறிவுத்துறைகளாக வைத்துப் போற்றலாம். ஒன்றுக்கு மற்றொன்றைச் சாட்சியாக்கும்போது இரண்டுமே மதிப்பிழக்கின்றன.

பெர்சிவியரன்ஸுக்கு முன்

சோவியத் ஒன்றியத்தின் வெனேரா 13, வெனேரா 14 கலங்கள் 1982 மார்ச் 1, 5 ஆகிய நாள்களில் வெள்ளியில் இறங்கின. ‘குரோசா-2’ என்னும் கருவி அவற்றில் இருந்தது. உருசிய மொழியில் ‘குரோசா’ என்பது இடிமழையைக் குறிக்கும். வெள்ளியின் மின்னலைத் தேடுவதே அக்கருவியின் முதன்மை நோக்கம் ஆதலின் அப்பெயர் பெற்றது. இலியனீத் க்ஸன்ஃபோமாலிட்டி தலைமையில் உருவான அதில் ஒலி உணரியும் இடம்பெற்றிருந்தது. படக்கருவியின் மூடி கழன்று விழுந்தது, துளையிடும் கருவி இயங்கியது ஆகிய நிகழ்வுகள் அதன் தரவுகளில் தெரிந்தன. காற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் அளவே எனவும் மதிப்பிடப்பட்டது. ஈயத்தை உருக்கும் வெப்பத்தில், புவியைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு அழுத்தத்தில் ஓர் உணரி இயங்கியதே அருஞ்செயல். ஆயினும் அதன் பயன் அளவீடாகவே நின்றது.

சனியின் நிலவான டைட்டனில் 2005 சனவரி 14 அன்று இறங்கிய ஐகன்சு கலத்தின் நிலை வேறு. அதில் ஒலிவாங்கி இருந்தது. இறங்குகையில் தரவும் வந்தது. எனினும் ஐரோப்பிய விண்வெளி முகமை வெளியிட்ட ஒலி, வெவ்வேறு நேரங்களில் எடுத்த மாதிரிகளை இணைத்து ஆய்வகத்தில் மீட்டுருவாக்கியது. முகமை இதை மறைக்கவில்லை. தன் விளக்கக் குறிப்பிலேயே சொல்லியிருந்தது. அக்குறிப்பு ஒலியோடு சேர்ந்து பயணிக்கவில்லை என்பதே குறை.

செவ்வாயில் ஒலிவாங்கி வைக்கும் முயற்சி நெடுநாள் கைகூடவில்லை. கார்ல் சேகன் 1996இல் அதனை வலியுறுத்தி நாசாவுக்கு எழுதினார். அவர் நிறுவியோருள் ஒருவராக இருந்த கோளியல் கழகத்தின் ஒலிவாங்கியை ஏந்திய மார்ஸ் போலார் லேண்டர் 1999 டிசம்பரில் தரையிறங்கும்போது தொலைந்தது. 2008இல் இறங்கிய பீனிக்ஸ் கலத்தின் இறங்குபடக் கருவியில் ஒலிவாங்கி ஒன்று இருந்தும் தரையிறக்கத்தின்போது அது இயக்கப்படவில்லை. பெர்சிவியரன்ஸ் இரு ஒலிவாங்கிகளோடு சென்றது. அவற்றுள் தரையிறங்கும் ஓசையைப் பிடிப்பதற்கென்றே ஊர்தியின் பக்கத்தில் பொருத்தப்பட்டது, உரிய அந்த ஏழு நிமிடங்களில் பயன்படும் பதிவு எதையும் தரவில்லை. பின்னர் தரையில் நின்றபடி அது நன்கு இயங்கியது. மற்றொன்று, ஊர்தியின் கம்பத் தலையில் சூப்பர்கேம் கருவியோடு இணைந்தது. அறிவியல் முடிவுகளுள் பெரும்பாலானவை இதனால் விளைந்தன.

இன்சைட் கலத்தின் இடைநிலை

இவ்விரு காலங்களுக்கும் இடையில், 2018 டிசம்பர் 7 அன்று வெளியிடப்பட்ட இன்சைட் கலத்தின் ‘காற்றொலி’ தனியே கருதத்தக்கது. அக்கலத்தில் ஒலிவாங்கியே இல்லை. டிசம்பர் 1 அன்று வீசிய காற்று, கலத்தின் சூரிய மின்தகடுகளை அதிரச் செய்தது. அவ்வதிர்வை நில அதிர்வுமானி உணர்ந்தது. காற்றழுத்த உணரி தனியே அழுத்த மாறுதல்களை அளந்தது. நில அதிர்வுமானியின் தரவு மனிதச் செவியின் கீழெல்லையை ஒட்டியிருந்தமையால் மாற்றமின்றியும் கேட்கலாம் என்ற நிலை இருந்தது. கைப்பேசியில் கேட்பதற்காக இரண்டு ஸ்தாயி உயர்த்திய வடிவமும் உடன் தரப்பட்டது. அழுத்த உணரியின் தரவோ 100 மடங்கு விரைவுபடுத்தப்பட்டது. அதாவது ஆறரை ஸ்தாயிக்குச் சற்று மேல் உயர்த்தப்பட்டது.

ஒரே வெளியீட்டில் மூன்று வகைகள் இங்குக் கலந்துள்ளன. நில அதிர்வுமானி கேட்டது காற்றையா, தகட்டின் நடுக்கத்தையா? ஆலமரத்தடியில் நிற்பவர் கேட்பது இலைகளின் சலசலப்பே. அதைக் காற்றின் ஓசை என்று சொல்வது வழக்கு. அவ்வழக்கு ஏற்கப்படுமாயின் தகட்டின் நடுக்கத்தையும் காற்றின் ஓசை எனலாம். ஆனால் 100 மடங்கு விரைவுபடுத்திய அழுத்தக் கோட்டை அவ்வாறு அழைப்பதற்கு வழக்கும் துணைநிற்காது. தமிழ் அளவை நூல்களின் சொல்லில் கூறினால், முன்னது காண்டலுக்கு அண்மையது, பின்னது கருதல். கருதலும் அளவையே. ஆனால் காண்டல் என்ற பெயரில் அது வருமானால் குற்றமாகும்.

ஒலிவாங்கி கேட்கும் காற்று

பெர்சிவியரன்ஸ் பதிவுகளும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை அல்ல. ‘செவ்வாயின் காற்றோசை’ என வழங்கும் தாழ்சுருதி இரைச்சலின் பெரும்பகுதி, தொலைவில் எழுந்து அலையாகப் பரவி வந்த ஒலியன்று. காற்றின் கொந்தளிப்பு ஒலிவாங்கியின் மீது நேரே மோதி அதன் சவ்வை அழுத்துவதால் தோன்றுவது. புவியில் திரைப்பட ஒலிப்பதிவாளர்கள் வெளிப்புறப் படப்பிடிப்பில் ஒலிவாங்கிக்கு மென்மயிர் உறை போர்த்துவது இதை நீக்குவதற்காகவே. அவர்கள் குப்பையெனத் தள்ளும் ஒன்றே செவ்வாயில் முதன்மைச் சரக்காகிவிட்டது.

இதனால் அப்பதிவு பொய்யாகிவிடாது. மாறாக, அதன் பயன் இடம் மாறுகிறது. சில்வெஸ்தர் மோரிஸ் முதலானோர் 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இவ்விரைச்சலைக் காற்றுக் கொந்தளிப்பின் அளவீடாகவே கையாள்கிறது. வழக்கமான வானிலை உணரிகள் நொடிக்கு ஓரிரு முறையே அளப்பன. ஒலிவாங்கியோ நொடிக்குப் பல்லாயிரம் முறை அழுத்தத்தை அளக்கிறது. எனவே இதற்குமுன் அறியப்பட்டதைவிட ஆயிரம் மடங்கு நுண்ணிய அளவில் செவ்வாயின் காற்று அசைவை அக்குழுவினர் ஆராய முடிந்தது. அங்கே ஒலிவாங்கி செவியாக அன்றி விரைந்த அழுத்தமானியாகப் பயன்பட்டது. அறிவியல் கட்டுரை தெளிவாகச் சொன்ன இதனைப் பொது வெளியீடுகள் போதிய அளவு சொல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மூலம் தெரிந்த ஒலிகள்

ஒலிப்பதிவு சான்றாக வலுப்பெறுவது ஒலியின் மூலம் தனியே அறியப்பட்டிருக்கும்போது ஆகும். செவ்வாயில் அவ்வாறு அமைந்தவை இரண்டு. ஒன்று சூப்பர்கேமின் லேசர். மற்றொன்று இன்ஜெனியூயிட்டி என்னும் சிறு உலங்கூர்தி.

2021 மார்ச் 2 அன்று, ஏறத்தாழ 3 மீட்டர் தொலைவிலிருந்த ‘மாஸ்’ என்னும் பாறை மீது லேசர் கற்றை 30 முறை செலுத்தப்பட்டது. ஒவ்வொரு துடிப்பும் பாறையின் ஒரு துளியை மின்மக் குழம்பாக்கி, சிறு அதிர்ச்சி அலையை எழுப்பியது. கேட்பவருக்கு அது விரல் நகத்தால் மேசையைத் தட்டுவது போன்ற ‘டிக்’ ஒலியே. அந்த எளிய தட்டலில் மூன்று செய்திகள் உள்ளன. துடிப்பு எழுந்த நேரமும் பாறையின் தொலைவும் துல்லியமாகத் தெரியும் ஆதலால், ஒலி வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு அதன் வேகத்தைக் கணக்கிடலாம். வேகம் வெப்பநிலையைச் சார்ந்தது. எனவே இடைப்பட்ட காற்றின் வெப்பநிலையையும் பெறலாம். தொடர்ந்த துடிப்புகளில் ஒலி எவ்வாறு தளர்கிறது என்பது பாறையின் கடினத்தன்மையைக் காட்டும். கொல்லர் உலோகத்தைத் தட்டிப் பார்ப்பதும் குயவர் பானையைத் தட்டிப் பார்ப்பதும் இதே நெறியில்தான்.

உலங்கூர்தியின் நிலை வேறு. 2021 ஏப்ரல் 30 அன்று நான்காம் பறப்பின்போது ஊர்தி 80 மீட்டர் தொலைவில் நின்றிருந்தது. செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் புவியின் அழுத்தத்தில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. ஒரே மூலம் எழுப்பும் ஒலி அங்கு ஏறத்தாழ 20 டெசிபல் மெலிந்தே பிறக்கும். பின்னர் வளிமண்டலத்தில் 95 விழுக்காடாக உள்ள கரியமில வாயு உயர்சுருதிகளை விழுங்கிவிடும். எனவே உலங்கூர்தி கேட்காது என்றே பலரும் எண்ணினர். ஆனால் மெல்லிய முரல்வு பதிவாகியது. அதன் அதிர்வெண் 84 ஹெர்ட்ஸ். உலங்கூர்தியின் இறக்கைகள் நிமிடத்திற்கு 2,537 சுற்றுகள் சுழன்றன. நொடிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 42.3 சுற்று. ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு இறக்கைகள் ஆதலின் இருமடங்காக்க 84.6 கிடைக்கிறது. பதிவு உண்மையானது என்பதற்கு இதனினும் எளிய, இதனினும் உறுதியான உறுதிப்பாடு வேண்டுவதில்லை.

அத்தகைய பதிவையும் வெளியிடும்போது செப்பனிட்டனர் என்பது கருதத்தக்கது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 90 ஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ளவை தணிக்கப்பட்டு எஞ்சிய குறுகிய பட்டை உரக்க ஒலிக்குமாறு செய்யப்பட்டது. நாசா இம்முறையைத் தன் அறிவிப்பில் கூறியதால் ஆய்வு நேர்மை காக்கப்பட்டது. எனினும் ஒன்றைச் சுட்ட வேண்டும். 84 ஹெர்ட்ஸ் முரல்வு உண்டு என முன்னரே அறிந்து, அதன் இருபுறமும் வேலியிட்ட பின் கேட்கும் செவிக்கு, அம்முரல்வைத் தவிர வேறெதுவும் கேட்க வழியில்லை. வடிகட்டிய பதிவு செவிக்கு விருந்தாகலாம். அதைக் கொண்டே முரல்வு இருந்தது என நிறுவினால் வட்டவாதமாகும். நிறுவ வல்லது வடிகட்டாத பதிவின் அதிர்வெண் பகுப்பே. மார்ச் 7 அன்று ஊர்தி நகர்ந்த ஓசைக்கும் இவ்வாறே இரு வடிவங்கள் உண்டு. 16 நிமிட மூலப் பதிவு ஒன்று; அதிலிருந்து தேர்ந்து இணைத்த 90 நொடித் தொகுப்பு மற்றொன்று. உலோகச் சக்கரங்கள் பாறை மேல் கரகரக்க, இடையிடையே காரணம் விளங்காத கீறலொலியும் எழும் மூலப் பதிவு கேட்க இனிதன்று. ஆனால் பொறியாளர்க்குப் பயன்படுவது அதுவே.

இரு வேகங்கள்

2022ஆம் ஆண்டுக் கட்டுரையில் பெரிதும் பேசப்பட்டது, செவ்வாயில் ஒலிக்கு இரு வேகங்கள் உண்டு என்னும் முடிவாகும். 240 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி நொடிக்கு ஏறத்தாழ 240 மீட்டரும், அதற்கு மேலானது ஏறத்தாழ 250 மீட்டரும் செல்கின்றன. புவியில் அது ஏறத்தாழ 340 மீட்டர். காரணம் கரியமில வாயு மூலக்கூறின் இயல்பில் உள்ளது. ஒலி அலை அழுத்தும்போது மூலக்கூறு தன் வளைவு அதிர்விலும் ஆற்றலைச் சேமிக்க வல்லது. ஆனால் அதற்குச் சிறிது காலம் தேவை. மெல்ல அதிரும் தாழ்சுருதி அக்கால இடைவெளியைத் தருகிறது. விரைந்து அதிரும் உயர்சுருதி தருவதில்லை. அரிதாகவே மோதிக்கொள்ளும் செவ்வாயின் மூலக்கூறுகளில் இந்த எல்லை மனிதர் கேட்கும் அதிர்வெண்களுக்குள்ளேயே விழுகிறது. கோட்பாடு முன்னரே கூறியிருந்த இதனை லேசரும் உலங்கூர்தியும் எல்லையின் இருபுறமும் நின்று மெய்ப்பித்தன. ஒலிப்பதிவு அறிவியலின் சிறந்த வெற்றிகளுள் இது ஒன்று எனத் தயங்காது கூறலாம்.

ஆயின் இம்முடிவு பரவிய விதம் ஆய்வுக்குரியது. செவ்வாயில் இசை கேட்டால் உயர்சுரம் முன்னும் தாழ்சுரம் பின்னுமாக வந்து இசை குலையும் என்னும் கூற்று பல செய்திகளில் இடம்பெற்றது. கணக்கிட்டால் அதன் வலு தெரியும். மூன்று மீட்டர் தொலைவில் இரு வேகங்களுக்கும் இடையிலான வேறுபாடு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. நூறு மீட்டர் தொலைவிலும் அது நொடியில் அறுபதில் ஒரு பங்கே. கச்சேரி மேடையின் இரு ஓரங்களில் அமர்ந்தோர்க்கு இடையே காற்று உண்டாக்கும் பிந்துதலைப் போன்ற அளவினது அது. குலைவு கேட்க வேண்டுமெனில் இன்னும் பல நூறு மீட்டர் விலக வேண்டும். அவ்வாறு விலகினால் உயர்சுரம் வந்து சேரவே சேராது. ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையவை சில மீட்டரிலேயே மங்கிவிடும். முன்பின்னாக வரும் என்று சொல்லப்பட்ட இரண்டுள் ஒன்று வழியிலேயே இறந்துவிடுகிறது. செவ்வாயில் இசையைக் கெடுப்பது வேக வேறுபாடு அன்று, உயர்சுருதியின் மறைவே. வியப்பூட்டும் செய்தி உண்மையான செய்தியை மறைத்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நாசாவின் ஒலித் தொகுப்புப் பக்கத்தில் புவியின் சைக்கிள் மணியும் பறவைக் குரலும் செவ்வாயில் எவ்வாறு ஒலிக்கும் எனக் காட்டும் மாதிரிகள் உள்ளன. அவை கணக்கீட்டால் உருவாக்கப்பட்டவை. கற்பித்தலுக்கு அவை மிகப் பயன்படும். உயர்சுருதியின் மறைவை எந்தக் கட்டுரையையும்விட விரைவில் உணர்த்தும். ஆனால் மெய்ப்பதிவுகளின் அருகே அவற்றை வைப்பது பிரித்தறியும் பொறுப்பைக் கேட்பவரிடம் விட்டுவிடுவதாகும்.

புழுதிச் சுழலின் மறுவாசிப்பு

ஒலிவாங்கி எப்போதும் இயங்குவதன்று. ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாகவே, மாதத்தில் சில முறை மட்டும், அது திறக்கப்படும். அத்தகைய ஒரு சிறு இடைவெளியில், 2021 செப்டம்பர் 27 அன்று, புழுதிச் சுழல் ஒன்று ஊர்தியின் மேலேயே கடந்து சென்றது. நவோமி மர்டாக் முதலானோர் 2022 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி அதன் அகலம் ஏறத்தாழ 25 மீட்டர். உயரம் 118 மீட்டர். பதிவில் காற்றின் இரைச்சல் எழுகிறது; பின் தணிகிறது; மீண்டும் எழுகிறது. இடைப்பட்ட அமைதி, சுழலின் கண் ஊர்தியின் மேல் நின்ற நேரம். அழுத்த உணரி அதே கணத்தில் வீழ்ச்சியைக் காட்டியது. படக்கருவி புழுதியைக் கண்டது. இரைச்சலின் ஊடே மணற்பரல்கள் ஊர்தியில் மோதும் ஒலிகள் தனித்தனியே கேட்டன. ஆய்வாளர்கள் அவற்றை எண்ணி 308 எனக் கணக்கிட்டனர். பறக்கும் மணலைப் பரல் பரலாக எண்ணுவதற்குச் செவ்வாயில் வேறு கருவி இல்லை. செவி கண்ணை வென்ற இடம் அது.

ஆயினும் இப்பதிவின் முழுப் பொருள் அன்று விளங்கவில்லை. அதில் பிறவற்றைவிட வலுவான குறி ஒன்று இருந்தது. பெரிய பரல் ஒன்று ஒலிவாங்கியை ஒட்டி மோதியது என அது முதலில் கொள்ளப்பட்டது. வேறு விளக்கம் தேடும் தேவை அப்போது எழவில்லை; மணல் மோதும் நூற்றுக்கணக்கான ஒலிகளுக்கு நடுவே ஒன்று உரத்துக் கேட்டால் அதுவும் மணல் என்றே எவரும் கொள்வர். பின்னர் பாப்டிஸ்ட் ஷீட் முதலானோர் அக்குறியின் வடிவத்தை மீண்டும் ஆராய்ந்தனர். அதன் தொடக்கம் ஒலி அழுத்தத்தால் உண்டாகத்தக்கது அன்று எனவும், அருகில் நிகழ்ந்த மின்பொறி ஒன்றின் மின்காந்தத் தாக்கம் ஒலிவாங்கியின் மின்சுற்றில் நேரே பதிந்தது எனவும் கண்டனர். இவ்வடிவத்தை அளவுகோலாகக் கொண்டு இரண்டு செவ்வாய் ஆண்டுகளின் பதிவுகளைச் சலித்தபோது இத்தகைய நிகழ்வுகள் 55 கிடைத்தன. சிலவற்றில் மின்காந்தக் குறியை அடுத்துப் பொறியின் மெல்லிய வெடிப்பொலியும் வந்து சேர்ந்திருந்தது. புழுதிப் பரல்கள் ஒன்றோடொன்று உராய்வதால் செவ்வாயில் மின்னிறக்கம் நிகழும் என்பது நெடுங்காலக் கருதுகோள். 2025 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த இவ்வாய்வு அதற்கு நேரடிச் சான்றளித்தது. வெள்ளியின் மின்னலைத் தேடி ‘குரோசா’வை அனுப்பினார்கள், செவ்வாயின் மின்பொறியோ எவரும் தேடாமலே பாறையின் ஓசை கேட்கச் சென்ற கருவியில் வந்து விழுந்தது.

இந்நிகழ்வு ஒலிப்பதிவு பற்றிய கொள்கைக்கு முதன்மையானது. கண்டறியப்பட்ட குறியின் முற்பகுதி ஒலியே அன்று. ஒலிவாங்கி அக்கணம் செவியாக இயங்கவில்லை. வானொலி அலைவாங்கியைப் போல இயங்கியது. திறன்மிக்க ஒலிப்பொறியாளர் எவரும் பதிவைச் செப்பனிடும்போது முதலில் நீக்குவது இத்தகைய மின்குறுக்கீட்டைத்தான். அவர் பயிற்சி அதையே கற்பித்திருக்கும். 2021 பிப்ரவரியில் ஊர்தியின் முனகலை நீக்கிய அதே நல்லெண்ணம், செப்டம்பர் பதிவிலிருந்து செவ்வாயின் மின்பொறியை நீக்கியிருக்கக்கூடும். நீக்கப்பட்ட வடிவம் மட்டும் எஞ்சியிருந்தால் 55 நிகழ்வுகளும் இன்று இல்லை. மூலப் பதிவுகள் கோள்தரவுக் காப்பகத்தில் பழுதின்றி வைக்கப்பட்டு எவரும் எடுத்தாளும் நிலையில் இருந்தமையே மறுவாசிப்புக்கு வழிவிட்டது.

எனவே ‘இரைச்சல்’ என்னும் சொல்லும் மறு ஆய்வுக்கு உரியது. அது ஒலியின் பண்பைக் குறிப்பதன்று; கேட்பவர் அக்கணத்தில் எதைத் தேடினார் என்பதைக் குறிப்பது. லேசரின் தட்டலைத் தேடியவர்க்குக் காற்று இரைச்சல். காற்றின் கொந்தளிப்பை ஆராய்ந்தவர்க்கு ஊர்தி இரைச்சல். மணற்பரல்களை எண்ணியவர்க்கு அந்த உரத்த குறி, எண்ணிக்கையில் ஒன்று. ஊர்தியின் இயந்திர முனகலில் எதிர்கால ஆய்வாளர் ஒருவர் எதைக் கேட்பார் என்பதை இன்று எவரும் வரையறுக்க இயலாது.

வெளியீட்டு நெறி

பதிப்புத் துறையில் மூலச்சுவடி, படி, திருந்திய பாடம் எனக் குறிப்பதுபோலக் கோளொலி வெளியீடுகளிலும் மூன்று விவரங்கள் ஒலிக்கோப்பிலேயே இடம்பெறல் வேண்டும். உணர்ந்த கருவி எது, அதிர்வெண் மாற்றப்பட்டதா, நீக்கப்பட்டது எது என்பன அவை. விளக்கக் குறிப்பு பக்கத்தில் இருந்தால் போதாது. ஐகன்சு, சூரியன் ஆகிய இரு நேர்வுகளிலும் குறிப்பு உதிர்ந்து ஒலி மட்டும் பரவியது. கோப்பின் தொடக்கத்தில் மூன்று நொடி அறிவிப்பாக அவ்விவரம் பேசப்படுமானால் ஒலியோடு அது பிரியாமல் செல்லும். தமிழில் எழுதுவோரும் ‘செவ்வாயின் சத்தம்’ என ஒரே சொல்லால் அனைத்தையும் சுட்டாமல், பதிவு, ஒலியாக்கம், மீட்டுருவாக்கம், மாதிரி என வேறுபடுத்தி வழங்கலாம். இன்சைட் வெளியீட்டிற்கு இவற்றுள் இரண்டு தேவைப்படும். 2021 பிப்ரவரி வெளியீட்டின் இரண்டாம் வடிவத்திற்கோ ‘வடித்த பதிவு’ என்னும் ஐந்தாவது பெயரும் வேண்டியிருக்கும்.